மாண்டலினில் நாட்டுப்புற மெட்டுகள்: சுருதியை மாற்றுவதா, வேண்டாமா?

மாண்டலினின் எட்டுத் தந்திகளும் நான்கு இரட்டைகளாக, சுருதியில் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்தியச் சுரங்களில் நிற்கும். அவற்றில் ஜி தந்திகள் இரண்டையும் ஏ வரை ஏற்றுங்கள். டி தந்திகள் இரண்டையும் இ வரை ஏற்றுங்கள். மற்ற நான்கு தந்திகளையும் தொட வேண்டாம். இப்போது எங்கும் விரல் வைக்காமல், எட்டுத் தந்திகளையும் பிளெக்ட்ரத்தால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) மெதுவாக வருடிப் பாருங்கள். காதில் விழுவது ச-ப-ச-ப. கர்நாடக சங்கீதத்தில் வயலினுக்குச் சுருதி சேர்க்கும் அதே முறை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுப் பிடில்காரர்கள் ஏ-யை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் வைத்து வாசித்து வருகிறார்கள். நான்கு தந்தி, ஒரே ஆதார சுருதி, அடியில் விடாமல் ஒலிக்க வேண்டிய நாதம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால், எந்த ஊர்க்காரரின் கையும் இந்த அமைப்பைத் தேடிப் போய்விடுகிறது.

அந்த நாதத்தைக் கேட்டுவிட்டவர்கள் மறுபடியும் வழக்கமான ஜி-டி-ஏ-இ-க்குத் திரும்பத் தயங்குவார்கள். நானும் தயங்கியிருக்கிறேன். ஆனாலும், ஐரிஷ் மெட்டுகளும் ‘ஓல்டு டைம்’ எனப்படும் பழைய அமெரிக்க நாட்டுப்புற மெட்டுகளும் வாசிக்க விரும்பி, கையில் ஒரு மாண்டலினோ, அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஆக்டேவ் மாண்டலினோ, நீளக் கழுத்துள்ள ஐரிஷ் பூசூக்கியோ வைத்திருப்பவர்கள், கேட்ட மயக்கத்திலேயே முடிவெடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு அமைப்பும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிக்கொள்வது என்ன என்பது பெரும்பாலும் பிறகுதான் தெரியவருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாண்டலினில் மெட்டையே வாசிப்பவர் ஜி-டி-ஏ-இ-யை விட வேண்டாம். ஏ மெட்டுகளுக்காக மட்டும் அவ்வப்போது ஏ-இ-ஏ-இ-க்குப் போய் வரலாம். நீளக் கழுத்துக் கருவியில் பிறருக்குத் துணையாக வாசிப்பவர் தயங்காமல் ஜி-டி-ஏ-டி-க்கு மாறலாம். மற்ற அமைப்புகள் அழகானவை, ஆனால் ஒரு மெட்டுக்கோ இரண்டு மெட்டுக்கோ ஆனவை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இனி வருவது.

வழக்கமான ஜி-டி-ஏ-இ

வயலினுக்கும் மாண்டலினுக்கும் இது பொது. ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழுள்ள தந்தியின் பஞ்சமம். ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ச-ப-ரி-த என்று வரும். இடைவெளிகள் எல்லாம் ஒன்றாக இருப்பதால், ஒரு விரல் வடிவத்தைக் கற்றுக்கொண்டால் அது எந்தத் தந்தியிலும் செல்லும். டி-யில் கற்ற மெட்டை அப்படியே ஒரு தந்தி கீழே தள்ளினால் ஜி-யில் கேட்கும். ஒரு தந்தி மேலே தள்ளினால், தந்தி போதும் வரை, ஏ-யில் கேட்கும். சங்கராபரணத்தின் முதல் நான்கு சுரங்கள் திறந்த தந்தி (விரல் வைக்காதது), இரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), நான்காம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட். அடுத்த தந்தியிலும் அதேபடி மீதி நான்கு. இரண்டு தந்தியில் ஒரு ஸ்தாயி முடிந்துவிடுகிறது.

ஐரிஷ் மெட்டுகளுக்கு இது வேறொரு வகையிலும் பொருந்துகிறது. அவற்றில் பெரும்பாலானவை டின் விசிலும் மரக்குழலும் எட்டும் எல்லைக்குள் அமைந்தவை. கீழ் எல்லை டி. மேல் எல்லை, இரண்டு ஸ்தாயிக்குச் சற்றுக் குறைவாக, பி. மாண்டலினில் அது திறந்த டி தந்தியில் தொடங்கி, இ தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டில் முடிகிறது. கையை நகர்த்தாமலே எட்டிவிடலாம்.

‘எட்டிவிடலாம்’ என்பது கருவியின் நீளத்தைப் பொறுத்தது. மாண்டலினில் தந்தியின் ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 35 செ.மீ. சுட்டுவிரல் இருக்கும் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குச் சுண்டுவிரல் போக வேண்டிய தூரம் 78 மி.மீ. ஆக்டேவ் மாண்டலினின் நீளம் 56 செ.மீ. என்று வைத்தால் அதே தூரம் 125 மி.மீ. ஆகிறது. 65 செ.மீ. நீளமுள்ள பூசூக்கியில் 145 மி.மீ. என் கை சிறியதல்ல. இருந்தும் பூசூக்கியில் அந்த பி-யைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் கை முழுவதையும் நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஒரே சுருதி அமைப்பு, ஒரே விரல் வடிவம். ஒன்றில் எளிது, மற்றொன்றில் போராட்டம். எது சிறந்த சுருதி அமைப்பு என்று பொதுவாகக் கேட்பவர்களிடம், முதலில் உங்கள் கருவியை அளந்து சொல்லுங்கள் என்றே நான் கேட்பேன்.

ஜி-டி-ஏ-இ-யின் குறை அடியில் ஒலிக்கும் நாதத்தில் இருக்கிறது. டி மெட்டு வாசிக்கும்போது மேல் தந்தி ரிஷபமாக நிற்கிறது. தெரியாமல் பட்டால் மெட்டோடு உரசுகிறது. ஏ மெட்டு வாசிக்கும்போது கீழ்த் தந்தியான ஜி, கைசிகி நிஷாதம். சங்கராபரணச் சாயலுள்ள ஏ மெட்டில் அது முற்றிலும் அந்நிய சுரம். ஆகவே திறந்த தந்திகளை நம்பி வருட முடியாது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பிளெக்ட்ரம் பிடித்த கைக்குச் சதா காவல் வேலை. இன்னொரு நுட்பமும் உண்டு. காதுக்கு இனிய தூய பஞ்சமம், ஃப்ரெட் காட்டும் பஞ்சமத்தைவிட ஏறக்குறைய 2 சென்ட் கூடுதல்; ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு. ஜி-யிலிருந்து காதாலேயே மூன்று பஞ்சமங்களை அடுக்கிப் போனால், இ தந்திக்கு வரும்போது 6 சென்ட் ஏறிவிடும். தம்பூராவோடு வளர்ந்த காது அதைக் கவனிக்கும். வெறும் ச-வும் ப-வும் மட்டும் உள்ள அமைப்பில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

ஜி-டி-ஏ-டி: அயர்லாந்தின் தேர்வு

மேல் தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் ஜி-டி-ஏ-டி. டி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ம-ச-ப-ச. கிரேக்க நாட்டுப் பூசூக்கி அயர்லாந்தின் பாரம்பரிய இசைக்குள் வந்தது 1960களின் நடுவில். கொண்டுவந்தவர் ஐரிஷ் இசைக்கலைஞர் ஜானி மொய்னிஹன். அப்பலாச்சிய பாஞ்ஜோவின் திறந்த தந்தி நாதத்தைத் தன் கருவியிலும் வரவழைக்க முயன்றபோதுதான் அவர் இந்தச் சுருதி அமைப்புக்கு வந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆண்டி இர்வைனும் டோனல் லன்னியும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் உருவான பிளாங்ஸ்டி குழுவில் அவர்கள் இருவரும் பின்னிய இழைகளைக் கேட்ட பிறகு, ஐரிஷ் பூசூக்கி என்றாலே ஜி-டி-ஏ-டி என்று ஆகிவிட்டது. டி டானன் குழுவின் அலெக் ஃபின் வேறு வழியில் போனார்: மூன்று இரட்டைத் தந்திகள் மட்டுமே கொண்ட கிரேக்கக் கருவியில், கிரேக்கர்களின் டி-ஏ-டி சுருதியையே கடைசிவரை வைத்துக்கொண்டார்.

இது துணை வாசிப்பவரின் அமைப்பு. ஏன் என்று விரல்களைப் பார்த்தால் புரியும். கீழ்த் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரலை வைத்து எல்லாவற்றையும் வருடினால் ஏ-டி-ஏ-டி. டி மெட்டுக்கான அடித்தளம் அதுவே. அந்த விரலை எடுத்துவிட்டு, மேலே உள்ள மூன்று இரட்டைகளையும் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரலால் படுக்கவைத்து அழுத்தினால் ஜி-இ-பி-இ. அதாவது இ மைனர், இ-யின் மேல் சாதாரண காந்தாரம் சேர்ந்த கார்டு. ஐரிஷ் மெட்டுகளில் ஒரு பெரிய பங்கு, நம் கரகரப்ரியாவின் சுரங்களில், இ-யை ஆதாரமாகக் கொண்டு, இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. ஒரு விரல் மேலே மூன்று இரட்டைகளின் மேல் படுக்கிறது, எழுகிறது, கீழே ஓர் இரட்டையில் நிற்கிறது, மீண்டும் படுக்கிறது. முழு மெட்டுக்கும் துணை அவ்வளவுதான். ஜி வேண்டுமென்றால் ஏ தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் மட்டும் ஒரு விரல்: ஜி-டி-பி-டி. ஏ வேண்டுமென்றால் ஏ தந்தியைத் திறந்துவிட்டு மற்ற மூன்றையும் இரண்டாம் ஃப்ரெட்டில்: ஏ-இ-ஏ-இ. இதில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் காந்தாரம் இல்லவே இல்லை. அது குறையல்ல, வரம். ஐரிஷ் மெட்டுகள் பல அந்தக் காந்தாரத்தை ஒளித்து வைத்தும், ஓரடியில் ஒன்றும் அடுத்த அடியில் வேறொன்றுமாகத் தொட்டும் போகும். பின்னால் வாசிப்பவர் முந்திக்கொண்டு ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டால் மெட்டின் மர்மம் போய்விடும்.

மெட்டு வாசிப்பவருக்கு இதே அமைப்பு என்ன செய்கிறது? மேல் தந்தியில் எல்லாச் சுரங்களும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகின்றன. இ இரண்டாம் ஃப்ரெட்டில், ஏ ஏழாவதில், அந்த உச்ச பி ஒன்பதாவதில். 65 செ.மீ. பூசூக்கியில் ஒன்பதாம் ஃப்ரெட், கழுத்தின் உச்சியிலிருந்து 26 செ.மீ.க்கும் மேல். ‘ரீல்’ என்ற வேகமான நடன மெட்டு வகையில், இரண்டாம் பகுதி முழுதும் மேலே நிற்கும் மெட்டு என்றால், கை ஓடி ஓடித் திரும்ப வேண்டும். அதோடு, கீழே இரண்டு இடைவெளிகள் பஞ்சமம், மேலே ஒன்று மத்யமம் என்பதால், மேல் தந்திக்கு வரும்போது விரல் வடிவம் மாறிவிடுகிறது. ஜி-டி-ஏ-இ-யில் பத்து ஆண்டு பழகிய கைக்கு இது எரிச்சலூட்டும். புதிதாகக் கற்பவருக்கு அவ்வளவு வலிக்காது. இழக்க அவரிடம் பழைய பழக்கம் இல்லை. இன்னொரு பக்கம், மெட்டையும் துணையையும் ஒரே கையால் கலந்து வாசிக்க விரும்புகிறவருக்கு, மேலே ஒரு டி-யும் நடுவில் ஒரு டி-யும் எப்போதும் காத்திருப்பது பெரிய ஆறுதல். மெட்டு ஏ தந்தியில் நடக்கும்போது இரு பக்கமும் டி ஒலிக்கலாம், எதுவும் தவறாகாது.

என்னிடம் உள்ள ஆக்டேவ் மாண்டலினை நான் ஜி-டி-ஏ-டி-யிலிருந்து மாற்றுவதே இல்லை. வேறு சுருதி வேண்டுமென்றால், எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ இருக்கிறது. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் டி வடிவங்கள் எல்லாம் இ ஆகும், ஜி வடிவங்கள் எல்லாம் ஏ ஆகும்.

ஏ-இ-ஏ-இ: மலைநாட்டு நாதம்

இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன். மாண்டலினில் என் மனம் தங்கியிருப்பது இங்கே.

ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் நான்கு இரட்டைகளிலும் திறந்த தந்தி, இரண்டு, நான்கு, ஐந்து. கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் விரலுக்கு ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. ஒரு மெட்டை மேலே வாசித்துவிட்டு, கையின் வடிவத்தைத் துளியும் மாற்றாமல் இரண்டு தந்தி கீழே இறக்கினால், அதே மெட்டு அடித்தொண்டையில் பாடுவதுபோல் வரும். ஓல்டு டைம் பிடில்காரர்கள் இதை ரசித்து ரசித்துச் செய்வார்கள்: இரண்டு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே. கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஜி-டி-ஏ-இ-யில் இதைச் செய்ய முடியாது என்பதில்லை. ஆனால் அங்கே கீழ் ஸ்தாயிக்கு வேறு விரல் கற்க வேண்டும். ஓடும் மெட்டில் அதை யோசிக்கவும் வேண்டும்.

நாதத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு வில்லுக்காகப் பிறந்தது. வில் இரண்டு தந்திகளை ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். ஆதார சுருதி அறுவதில்லை. பிளெக்ட்ரத்துக்கு அந்த வசதி இல்லை. அடித்த ஒலி அடுத்த கணமே தேயத் தொடங்குகிறது. ஆகவே மாண்டலினில் ஏ-இ-ஏ-இ தருவது வேறொன்று: தொடாத தந்திகளின் அதிர்வு. கீழ் ஏ-யை ஒருமுறை அடித்து உடனே உள்ளங்கையால் அந்தத் தந்தியை மட்டும் அடக்கிப் பாருங்கள். மேலே உள்ள ஏ தந்தி, யாரும் தொடாமலே, மெல்லிய இழையாக ஒலித்துக்கொண்டிருக்கும். மெட்டின் ஒவ்வொரு ச-வும் ப-வும் இப்படி மற்றத் தந்திகளை எழுப்பிவிடுகின்றன. கருவியின் வயிற்றுக்குள் இன்னொரு கருவி இருப்பதுபோல் ஒரு ரீங்காரம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இதற்கு ஈடு கிடையாது. பாஞ்ஜோவும் கிட்டாரும் பிடிலும் சேர்ந்து முழங்கும் இடத்தில் இது ஒருவர் காதிலும் விழாது. வாசிப்பவர் காதிலும்கூட விழாது.

இழப்பு எளிதில் சொல்லக்கூடியது: ஏ-யைத் தவிர வேறொன்றும் நன்றாக வராது. டி மெட்டுக்கோ ஜி மெட்டுக்கோ ஷட்ஜமாகத் திறந்த தந்தி ஒன்றும் துணை நிற்காது. கீழே உள்ள இரண்டு தந்திகளில் பழகிய இடங்கள் எல்லாம் இரண்டு ஃப்ரெட் கீழே வந்துவிடுவதால், தெரிந்த மெட்டுகள்கூட அந்நியமாகிவிடும்.

இந்த நாதத்தை அடைய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நான் தொடக்கத்தில் சொன்னபடி கீழே உள்ள நான்கு தந்திகளை ஏற்றுவது. ஒரு தந்தியை ஒரு முழுச் சுரம் ஏற்றினால் அதன் இழுவிசை 26 சதவீதம் கூடும். மற்றொன்று, மேலே உள்ள ஏ-யை ஜி-க்கும் இ-யை டி-க்கும் இறக்கி ஜி-டி-ஜி-டி ஆக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுவது. இறக்கினால் இழுவிசை 21 சதவீதம் குறையும். கேப்போ மாட்டாமல் விட்டால் ஜி மெட்டுகளுக்கு அதே ச-ப-ச-ப கிடைக்கும் என்பது கூடுதல் லாபம். பழைய மாண்டலின், மெல்லிய பலகை, வயது தெரியாத தந்தி என்றால் இரண்டாவது வழியே பாதுகாப்பு. ஆனால் தளர்ந்த மேல் தந்தியில் பிளெக்ட்ரம் எதிர்ப்பில்லாமல் அமிழும். ஐரிஷ் பாணியில் ஒரு சுரத்தை மூன்றாக உடைத்து அடிக்கும் அந்தக் கணநேர அலங்காரம் அங்கே குழைந்துபோகும். முறுக்கேறிய தந்தியில் மூன்று மணிகள் உதிர்வதுபோல் கேட்டது, தளர்ந்த தந்தியில் ஒரே கரகரப்பாகிவிடும். அதனால் எனக்கு முதல் வழியே பிடித்தம். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை பலர் கூடியிருந்த இடத்தில், ஆறு மாதப் பழைய தந்திகளோடு டி-யை இ-க்கு ஏற்றினேன். சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால், திருகைச் சுற்றியிருந்த வளைவில் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி கையில் இல்லை. அன்று மாலை முழுவதும் ஏழு தந்தியோடு, ஓர் இரட்டை ஒற்றையாகி மெலிந்து ஒலிக்க வாசித்தேன். அன்றிலிருந்து புதுத் தந்தி மாட்டிய முதல் இரண்டு மாதங்களுக்குள் மட்டுமே ஏற்றுகிறேன்.

மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) நினைவுக்கு வருவது இயல்பு. கமகங்களுக்காக அவர் இரட்டைத் தந்திகளையே விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். இந்த நாட்டுப்புற மெட்டுகளில் நிலைமை நேர் எதிர். தந்தியை இழுத்து வளைக்கும் வேலை இங்கே மிகக் குறைவு. இரட்டைத் தந்தியின் மினுமினுப்புதான் வேண்டும். பிடில்காரர் இரண்டு திருகைத் திருப்பிவிட்டு வாசிக்கத் தொடங்கும் நேரத்தில், நாம் நான்கைத் திருப்பி, ஒவ்வோர் இரட்டையையும் தனக்குள் பேதமில்லாமல் சேர்த்து முடிக்க வேண்டியிருப்பதும் அந்த மினுமினுப்புக்கான கூலியே.

மற்றவை

ஏ-டி-ஏ-இ: கீழ் ஜி-யை மட்டும் ஏ-க்கு ஏற்றுவது. டி மெட்டுக்கு ப-ச-ப-ரி. மேலே உள்ள மூன்று இரட்டைகளும் மாறாததால் தெரிந்த மெட்டுகள் பெரும்பாலும் கை நழுவாது. அடியில் மட்டும் ஒரு பஞ்சமம் சேர்கிறது. புதிதாகச் சுருதி மாற்றிப் பார்க்க நினைப்பவர் இங்கிருந்து தொடங்கினால் நஷ்டமே இல்லை.

ஏ-டி-ஏ-டி, அதாவது ப-ச-ப-ச, டி மெட்டுகளுக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் சமவெளி. நீளக் கழுத்தில் அருமை. ஆனால் மெட்டு ஜி-க்குப் போகும் இடத்தில் அடியில் ஜி இல்லை, அந்த வெற்றிடம் உறுத்தும். ஜி-டி-ஏ-டி வைத்திருப்பவர் கீழ்த் தந்தியில் ஒரு விரல் வைத்தாலே இது வந்துவிடும் என்பதால், இதற்காகத் தனியாகச் சுருதி மாற்றுவது வீண் என்பது என் கருத்து.

டி-டி-ஏ-டி பிடிலில் மகத்தானது. 1937இல் கென்டக்கியில் பிடில்காரர் டபிள்யூ. எச். ஸ்டெப் வாசித்து, நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ இந்த அமைப்பில் உள்ளது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் 1942இல் தன் ‘ரோடியோ’ பாலேயில் கையாண்டது ஸ்டெப் வாசித்த அந்த வடிவத்தையே. கீழ் ஜி-யை டி வரை, ஒரு மத்யமம் தூரம் இறக்க வேண்டும். இழுவிசையில் 44 சதவீதம் போய்விடும். வில்லால் தடவினால் அந்தத் தொய்வு ஒரு முனகலாக மாறி மெட்டுக்கு உயிர் கொடுக்கிறது. மாண்டலினின் 35 செ.மீ. நீளத்தில் பிளெக்ட்ரத்தால் அடித்தால், தந்தி ஃப்ரெட்டில் மோதி அதிர்கிறது. அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்குகிறது. தடித்த தந்தி மாட்டாமல் இதை முயல வேண்டாம்.

ஏ-இ-ஏ-சி ஷார்ப், ச-ப-ச-க. மேல் தந்தி காந்தாரமாக இருப்பதால் வருடியதும் ச-க-ப மூன்றும் சேர்ந்த முழுக் கார்டு. தூய அந்தர காந்தாரம், ஃப்ரெட் கணக்கைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே நிற்கும். அந்த இடத்துக்குத் தந்தியை இறக்கினால் தேன். ஆனால் அதே தந்தியில் ஃப்ரெட்டை அழுத்தி எடுக்கும் எல்லாச் சுரங்களும் 14 சென்ட் கீழே போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

இரட்டையையே பிரிக்கும் முறையும் உண்டு. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ 1953இல் பதிவு செய்த ‘கெட் அப் ஜான்’ அப்படிப்பட்டது. கீழ் இரட்டையில் ஒரு தந்தி எஃப் ஷார்ப், ஒரு தந்தி ஏ. அடுத்து இரண்டும் டி. அடுத்து இரண்டும் ஏ. மேல் இரட்டையில் ஒன்று ஏ, ஒன்று டி. ஒரு விரல் வைத்தாலே இரண்டு சுரம் கேட்கும். ஒரு மாண்டலினில் இரண்டு பிடில் ஒலிப்பதுபோல் இருக்கும் அந்தப் பதிவை இந்த இசையை விரும்பும் யாரும் கேட்காமல் இருக்கக் கூடாது. வாசிக்க ஆசைப்பட்டால் இரண்டாவது மாண்டலின் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் திருப்பி மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

எந்தக் கூட்டத்தில் உட்காரப் போகிறீர்கள்?

விரலும் தந்தியும் சொல்லாத ஒன்றை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். ஐரிஷ் மெட்டுகளைக் கூடி வாசிக்கும்போது மூன்று மெட்டுகளை இடைவெளியின்றிக் கோப்பது வழக்கம். முதலாவது டி, இரண்டாவது ஜி, மூன்றாவது ஏ-யில் கரகரப்ரியாச் சாயல் என்று போகும். அடுத்து என்ன வரும் என்பது தொடங்கியவர் மனத்தில் மட்டுமே இருக்கும். அந்த இடத்தில் ஏ-இ-ஏ-இ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றில் ஒரு மெட்டில்தான் கலந்துகொள்ள முடியும். திருகைத் திருப்ப நேரமே கிடையாது. ஜி-டி-ஏ-இ-யும் ஜி-டி-ஏ-டி-யும் அங்கே நிலைத்ததற்குக் காரணம் இந்த மாறும் ஆதாரங்கள்தான்.

ஓல்டு டைம் கூட்டம் வேறு மாதிரி. பாஞ்ஜோ வாசிப்பவரும் ஆதார சுருதிக்கு ஏற்பத் தன் தந்திகளை மாற்றவோ கேப்போ மாட்டவோ வேண்டியிருப்பதால், எல்லோரும் ஒரே சுருதியில் நீண்ட நேரம் தங்குவார்கள். ஏ என்றால் ஏ மெட்டுகளாகவே ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து சுற்று. பிறகு ‘டி-க்குப் போகலாம்’ என்று யாராவது சொல்வார்கள். ஐந்து நிமிடம் எல்லாத் திருகுகளும் சுழலும். சுருதி மாற்றுவதற்கென்றே நேரம் ஒதுக்கிய பண்பாடு அது. அங்கே ஏ-இ-ஏ-இ வீட்டுப் பிள்ளை. தனியாக வீட்டில் வாசிப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அவர் தன் காதைக் கேட்டால் போதும்.

தந்தியும் குதிரையும்

ஒரே மாண்டலினில் போய் வரப்போகிறீர்கள் என்றால் தந்தியை மாற்ற வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் நடுத்தர அளவு 0.011, 0.015, 0.026, 0.040 அங்குலம், அது இரு பக்கமும் ஒரு முழுச் சுரம் தாங்கும். கருவி நொய்மையானது என்றால் 0.010-இல் தொடங்கும் மெல்லிய தொகுதியைப் போட்டு ஏற்றுங்கள்.

ஒரு கருவியை நிரந்தரமாக ஏ-இ-ஏ-இ-யில் வைக்கப்போகிறீர்கள் என்றால் 0.040-க்குப் பதில் 0.036, 0.026-க்குப் பதில் 0.023 அல்லது 0.024 போட்டால் இழுவிசை ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும். நிரந்தர ஜி-டி-ஜி-டி என்றால் மேலே 0.012-உம் 0.017-உம் போட்டால் தளர்ச்சி நீங்கிவிடும், நான் மேலே குறைப்பட்ட கரகரப்பும் போகும். அந்தத் தடித்த தந்திகளை மறந்துபோய் இ-க்கும் ஏ-க்கும் ஏற்றிவிடாதீர்கள்.

பெரும்பாலான மாண்டலின்களில் குதிரை, அதாவது பலகையின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை, ஒட்டப்பட்டதல்ல. தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது நகர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டும் பிசகும். ஓர் இரட்டையை முடித்துவிட்டு அடுத்த இரட்டைக்குப் போங்கள். முடித்ததும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரமும், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எடுக்கும் மணியோசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கழுத்தின் உச்சியில் தந்தி அமரும் பள்ளங்களில் பென்சில் முனையை இரண்டுமுறை தேய்த்துவிட்டால், திருகைத் திருப்பும்போது ‘டிக்’ என்று தாவாமல் தந்தி வழுக்கிச் செல்லும். எப்போதும் வேண்டிய சுருதிக்குச் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றியே நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி பாதி மெட்டில் மெல்ல நழுவும்.

ஏற்றிய தந்திகள் முதல் கால் மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே வாசிக்கப்போகும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஏற்றி வையுங்கள். பிறகு ஒருமுறை சரிசெய்து, கீழ் ஏ தந்தியில் நிதானமான ஒரு மெட்டை, மேல் ஸ்தாயிப் பக்கமே போகாமல் வாசிக்கத் தொடங்குங்கள்.